உயிர்வேலியில் கோளாறா? குனிந்து அடியைப் பாருங்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த தோட்டத்து லயங்கள் காலியாகி, குடும்பங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்தபோது வேலியும் கூடவே வந்தது. லயத்து வாசல் செம்பருத்தியில் நாலு கிளை ஒடித்து, ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துவந்து புது வீட்டு ஓரத்தில் நட்டவர்கள் நிறைய. நானும் நட்டேன். தோட்டத்து நாற்றங்காலில் வேலை செய்தவள் என்பதால், இந்தப் பக்கம் யார் வீட்டு வேலி வாடினாலும் எனக்குத்தான் ஆள் வரும். வந்ததும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, என்ன மருந்து அடிக்கலாம்?"

பெரும்பாலும் மருந்தே வேண்டியிருக்காது. வாட்டம் இலையில் தெரியும். காரணம் அடித்தண்டில், வேரில், இல்லையென்றால் நாம் வெட்டிய விதத்தில் இருக்கும். அதனால் மருந்துக் கடைக்குப் போகுமுன் ஒரு கைக்கரண்டியும் கத்தியும் எடுத்துக்கொண்டு வேலியோரம் உட்காருங்கள். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் பணம் பிடிக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே போங்கள்.

## முதல் கேள்வி: ஒரு செடியா, ஒரு திட்டா, முழு வரிசையா?

வேலியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பாருங்கள்.

ஒரே ஒரு செடி வாடி, இரண்டு பக்கமும் பச்சையாக இருந்தால் "ஒரு செடி மட்டும் காய்கிறது" என்ற பகுதிக்குப் போங்கள். போன மாதம் ஒன்று, இந்த மாதம் அதற்கு அடுத்தது என்று பக்கவாட்டில் நகர்ந்தாலும் அதே பகுதிதான். ஆனால் உடனே போங்கள். வரிசை முழுக்க ஒரே நேரத்தில் நிறம் மாறினால் தண்ணீர், உரம், களைக்கொல்லி இந்த மூன்றில் ஒன்று. செடி நன்றாக இருந்து, நாயும் கோழியும் நுழைந்தால் அது நோயே இல்லை, வெட்டுப் பிழை.

## குச்சி நட்டு ஆறு வாரம் ஆகியும் துளிர்க்கவில்லை

நகத்தால் பட்டையைக் கொஞ்சம் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பிடுங்கிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். அப்போதுதான் விட்டிருக்கும் வேர் அறுந்துபோகும்.

உள்ளே பழுப்பாக இருந்தால் காரணங்கள் இப்படி:

தலைகீழாக நட்டது. சிரிக்க வேண்டாம், இலையை உருவிய குச்சியில் இது அடிக்கடி நடக்கும். கணு மொட்டு இலைத்தழும்புக்கு மேல்பக்கம் இருக்க வேண்டும். வெட்டும்போதே அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டிவிட்டால் குழப்பமே வராது.

குச்சி பிஞ்சு. செம்பருத்திக்குப் பென்சில் தடிமன், ஒரு சாண் நீளம், பழுப்பேறத் தொடங்கிய தண்டு. பச்சைத் தண்டு அழுகிவிடும். முருங்கை, கிளிரிசிடியா போன்றவற்றைப் போத்தாக நடும்போது மணிக்கட்டுத் தடிமனாவது வேண்டும். ஆள் உயரம் வெட்டி, ஒரு முழம் மண்ணுக்குள் இறக்க வேண்டும். முருங்கைப் போத்தை வெட்டிய அன்றே நடாமல் இரண்டு மூன்று நாள் நிழலில் சாய்த்து வைத்து, வெட்டுவாய் காய்ந்தபின் நடுங்கள்.

காலம் தப்பியது. நம் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்கால மழை கூடுதல். குச்சி நட அதுதான் காலம். ஜூன், ஜூலையில் நட்டுவிட்டு ஒரு நாள்கூடத் தண்ணீர் மறக்காமல் ஊற்றுவேன் என்று சொன்னவர்களில் ஊற்றியவர்கள் குறைவு.

அடியில் கறையான். பிடுங்கினால் குச்சி காகிதம்போல் இருக்கும், மண் பூசியிருக்கும். பழைய மரக்கட்டை, உளுத்த பலகை எதையும் வேலிக் குழிக்குள் புதைக்காதீர்கள். கறையான் வீட்டுச் சுவர் வரைக்கும் வரிசை பிடித்திருந்தால் வேலியை விடுங்கள், கறையான் ஒழிப்பு ஆளைக் கூப்பிடுங்கள்.

## மேலே குடை, கீழே ஓட்டை

எனக்கு அதிகமாக வரும் புகார் இது. தெருவிலிருந்து பார்த்தால் வேலி பச்சைச் சுவர். குனிந்தால் முழங்கால் உயரம்வரை வெறும் குச்சி. நாய் வரும், கோழி போகும், பக்கத்துத் தோட்டத்து ஆடு தலையை நுழைத்துக் கீரைப்பாத்தியை மேயும்.

முதல் சோதனை: வேலியின் முனையில் நின்று அதன் வடிவத்தைப் பாருங்கள். மேலே அகலம், கீழே குறுகலா? அப்படியென்றால் காரணம் கிடைத்துவிட்டது. மேற்பகுதி நிழலில் கீழ் இலைக்கு வெயில் படவில்லை. வெயில் படாத இலை உதிரும். உதிர்ந்த இடத்தில் மறுபடி துளிர்க்க அந்தக் கணுவுக்குக் காரணமே இல்லை. வெட்டும்போது கை தானாக மேலே போகிறது, இடுப்புக்குக் கீழே யாரும் குனிவதில்லை. இனி அடி அகலம், நுனி குறுகல். பிட்டுக் குழலைக் கவிழ்த்த மாதிரி இல்லை, இட்லிப் பானை மூடி மாதிரியும் இல்லை, நெல் அம்பாரத்தின் பக்கச் சரிவு மாதிரி. இரண்டு பக்கமும் லேசாகச் சரியட்டும், போதும்.

வடிவம் சரி, இருந்தும் ஓட்டை என்றால்: நட்ட முதல் வருடம் நுனி கிள்ளாமல் உயரட்டும் என்று விட்டிருப்பீர்கள். செடி ஒரு முழம் வந்ததும் நுனியைக் கிள்ளினால்தான் அடியில் பக்கக்கிளை பிரியும். நெஞ்சு உயரம் வந்தபின் கிள்ளினால் நெஞ்சு உயரத்தில்தான் பிரியும்.

இடைவெளி அதிகமென்றால்: செம்பருத்திக்குச் செடிக்குச் செடி ஓர் அடி முதல் ஒன்றரை அடி. தேயிலை மாதிரிச் சின்ன இலை விடும், வேலிக்கு நடும் டீச்செடிக்கு ஒரு சாண் போதும். ஒரே கோட்டில் நடாமல், இரண்டு வரிசையாக மாற்றி மாற்றி நட்டால் ஓட்டை விழும் வாய்ப்பு குறையும்.

சரிசெய்ய இரண்டு வழி. ஓட்டை ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் என்றால் பதியம். பக்கத்துச் செடியின் இளங்கிளையை வளைத்து, மண்ணைத் தொடும் இடத்தில் பட்டையை விரல்நகம் அளவு கீறி, ஒரு பிடி மண் போட்டு, மேலே கல்லை வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் வேர் பிடிக்கும். ஒரு சல்லி செலவில்லை.

வரிசை முழுக்க ஓட்டையென்றால் அடிவெட்டுத்தான். தரையிலிருந்து ஓர் அடி விட்டு மொத்தத்தையும் வெட்ட வேண்டும். மனசு வராது. எங்கள் தாமான் மாரியம்மன் கோயில் பின்வேலி முழுக்கச் செம்பருத்தி. அதை வெட்டலாம் என்றதும் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆடியில் அம்மனுக்குப் பூ வேண்டுமே! ஆடி முடியும்வரை காத்திருந்து, செப்டம்பர் மழை தொடங்கியதும் பாதி வேலியை மட்டும் வெட்டினோம். தை பிறக்குமுன் அந்தப் பாதி இடுப்பளவு வந்து, அடியிலிருந்தே மூடிக்கொண்டது. மறுபாதியை அடுத்த ஆண்டு அவர்களே வெட்டச் சொன்னார்கள். செம்பருத்தியும் டீச்செடியும் அடிவெட்டைத் தாங்கும். ஆனால் ஏற்கெனவே வாடியிருக்கும் செடியை அடிவெட்டு வெட்டாதீர்கள், மிச்ச உயிரும் போகும். முதலில் கீழுள்ள பகுதிகளைப் பார்த்து வாட்டத்தைத் தீருங்கள்.

## ஒரு செடி மட்டும் காய்கிறது

அடித்தண்டைச் சுற்றிப் பாருங்கள். தரையை ஒட்டி இரண்டு விரல் உயரத்தில் பட்டை வளையமாக உரிந்து, உள்மரம் வெளுப்பாகத் தெரிகிறதா? புல்வெட்டும் மெஷினின் நைலான் கயிறு பட்ட காயம் அது. மாதாமாதம் புல் வெட்ட வருபவர் வேகமாக வீசிக்கொண்டு போவார், கயிறு ஒரு நொடி தண்டைத் தொட்டாலே பட்டை போய்விடும். பட்டை முழு வட்டமாகப் போயிருந்தால் இலை செய்த உணவு வேருக்கு இறங்காது, செடி மெல்லச் சாகும். அரை வட்டம்தான் என்றால் பிழைக்கும், மண் அணைக்காமல் காற்றாட விடுங்கள். இனி வேலியடியில் ஒரு முழ அகலத்துக்குப் புல்லே இல்லாமல் கையால் களையெடுத்து, காய்ந்த இலையைப் பரப்பி வையுங்கள். மெஷின் கிட்டே வர வேலையே இருக்காது.

காயம் இல்லையென்றால் ஊற்றியது என்ன என்று கேளுங்கள். மோட்டார் எண்ணெய், சலவைத் தண்ணீர், மீன் கழுவிய உப்புநீர், கோழிச்சாணத்தைப் புதிதாகவே கொட்டியது. ஒரே இடத்தில் தினமும் ஊற்றினால் அந்த இடத்துச் செடி மட்டும் போகும்.

அதுவும் இல்லையென்றால், அடுத்தடுத்த செடிக்கும் பரவுகிறதென்றால், வெள்ளை வேர் நோயைச் சந்தேகப்படுங்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இதை யாரும் வேலியில் தேடுவதில்லை. நம் தாமான்களில் பல, பால்மரம் (ரப்பர்) நின்ற நிலம். இந்தக் கோலகங்சார் மாவட்டத்தில் 1877-லேயே ரப்பர் நட்டார்கள், அவற்றில் ஒரு மரம் கோலகங்சார் பட்டணத்தில் இன்னும் நிற்கிறது. மரத்தை வெட்டி வீடு கட்டினாலும் அடிக்கட்டையும் வேரும் மண்ணுக்குள் கிடக்கும். அந்தக் கட்டையில் உட்கார்ந்திருக்கும் பூஞ்சை பல வருடம் பசியோடு காத்திருந்து, பக்கத்தில் வேர் நீட்டும் எந்த மரச்செடியையும் பிடிக்கும். பால்மரம் மட்டும்தான் அதற்கு ஆகாரம் என்று நினைக்காதீர்கள். மரவள்ளி முதல் அலங்காரப் புதர்வரை அதற்கு விருந்து.

சோதிப்பது இப்படி. வாடிய செடியின் அடியில் ஒரு சாண் ஆழம் மண்ணைக் கையால் ஒதுக்குங்கள். வேர்மேல் வெள்ளை நூல் கிளை கிளையாகப் பிரிந்து, தட்டையாக ஒட்டிக்கொண்டு ஓடுகிறதா? கட்டைவிரலால் துடையுங்கள். இலைமக்கில் வளரும் சாதாரண வெள்ளைப் பூஞ்சை துடைத்தால் வந்துவிடும். இது வராது, வேர்ப்பட்டையோடு ஒட்டியிருக்கும், பழையது மஞ்சளாக மாறியிருக்கும். மழைக்குப்பின் அடித்தண்டில் ஆரஞ்சு நிறத்தில், விளிம்பு மஞ்சளாக, அடுக்கடுக்காகக் காளான் தட்டு முளைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பக்கத்துச் செடிக்கும் வந்திருக்கிறதா என்று பார்க்கத் தோட்டத்தில் செய்யும் வேலை ஒன்று உண்டு. வெட்டிய புல்லை அடித்தண்டைச் சுற்றி அணைத்து, இரண்டு மூன்று வாரம் ஈரமாக விட்டுவிடுவோம். நோய் இருந்தால் வெள்ளை நூல் இருட்டையும் ஈரத்தையும் தேடி மேலே ஏறிவரும். புல்லை விலக்கினால் தெரியும். இலை மஞ்சளாகும்வரை காத்திருந்தால் வேர் பாதி போயிருக்கும்.

நோய் உறுதியென்றால்:

- வாடிய செடியையும், இரு பக்கமும் நூல் தெரியும் செடிகளையும் வேரோடு தோண்டுங்கள். விரல் தடிமன் வேர்த்துண்டுகூட உள்ளே நிற்கக்கூடாது. பழைய ரப்பர்க் கட்டை கிடைத்தால் அதுதான் மூலம், அதை எடுக்காமல் வேறு எதுவும் பலிக்காது.
- எடுத்த வேரை வெயிலில் சிமெண்டுத் தரையில் உலர்த்திக் குப்பைக்கு அனுப்புங்கள். திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம்.
- நல்ல செடிக்கும் நோய்ப்பட்ட இடத்துக்கும் நடுவில் ஓரடி அகலம், இரண்டடி ஆழத்தில் குறுக்கே பள்ளம். பெரும்பாலும் வேர் வழியாகத்தான் இது பரவும்.
- காலியான இடத்தில் மறுபடி செம்பருத்தி நடாதீர்கள். செரை (எலுமிச்சைப்புல்), வெட்டிவேர் போன்ற புல் இனம் ஒன்றிரண்டு வருடம் நிற்கட்டும்.

எப்போது ஆள் கூப்பிடுவது? மூன்று செடிக்கு மேல் போய்விட்டால், அல்லது மூலக்கட்டை வீட்டு அடித்தளத்துக்குக் கீழே போகிறதென்றால். மாவட்ட விவசாய அலுவலகத்துக்கு அந்த வேர்த்துண்டை மண்ணோடு பிளாஸ்டிக் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். பால்மரம் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் யாராவது தெரிந்தால் ரிஸ்டா (ரப்பர் சிறுதோட்டக்காரர்களுக்கான அரசு வாரியம்) அலுவலரிடமும் காட்டச் சொல்லலாம், இந்த நோய் அவர்களுக்குப் பழகியது. ரப்பருக்கு ஊற்றும் பூஞ்சைக்கொல்லி விலை அதிகம், அளவு தப்பினால் வீண். அவர்கள் சொல்லாமல் வாங்காதீர்கள்.

## வரிசை முழுக்க மஞ்சள்

எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள்.

அடியிலுள்ள முதிர்ந்த இலை மஞ்சளாகி, நுனி பச்சையாக இருந்தால் பசி. பச்சை நிற என்.பி.கே. 15-15-15 உரத்தைச் செடிக்கு ஒரு கைப்பிடி, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, மழைக்கு முன்னே தூவுங்கள். நீல உரம் பூவுக்கும் காய்க்கும் போடுவது, வேலிக்குப் பச்சையே போதும்.

நுனி இளந்துளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் உரம் போடாதீர்கள். ஓரடிக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுத் திணறுகிறது, வடிகால் வெட்டி மண்ணை மேடாக்குங்கள். தண்ணீர் வடிந்துவிட்டால் குழி மண்ணைக் கிளறுங்கள். சிமெண்டுக் கட்டி, ஓடு, செங்கல் துண்டு வருகிறதா? வீடு கட்டியவர்கள் மிச்சத்தைப் புதைத்துவிட்டு மேலே ஒரு சாண் மண் போட்டிருப்பார்கள். அந்தச் சுண்ணாம்பில் செடிக்கு இரும்புச்சத்து எட்டாது. கட்டியை எடுத்துவிட்டு மக்கிய எரு கலப்பதுதான் வழி. நான் இப்படிக் கழிவு தோண்டி எடுத்த வீடுகளில் ஒன்றில் அரை மூட்டைச் சிமெண்டு முழுதாக இறுகிக் கிடந்தது.

வேலியின் ஒரு பக்கம் மட்டும், அதுவும் செம்பனைத் தோட்டத்தைப் பார்த்த பக்கம், திடீரென்று நிறம் மாறினால் காற்றில் வந்த களைக்கொல்லி. கருகிய புள்ளியாக விழுந்திருந்தால் தொட்ட இடத்தை மட்டும் எரிக்கும் மருந்து, புதுத்துளிர் வந்துவிடும், காத்திருங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து வரும் துளிர் ஊசிபோல் குறுகி, கொத்தாக வந்தால் கிளைபோசேட் உள்ளே போய்விட்டது. அந்தக் கிளைகளை வெட்டி, தண்ணீர் ஊற்றிவாருங்கள். பெரும்பாலும் ஒரு பருவத்தில் தேறும். மருந்தடிக்கும் ஆட்களிடம் சண்டைக்குப் போகாமல் மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளர்) சொல்லி, காற்றில்லாத காலை நேரத்தில் அடிக்கச் சொல்லுங்கள், கேட்பார்கள்.

உங்கள் ஸ்டோரில் பழைய பராகுவாட் களைக்கொல்லிக் கேன் இருந்தால் வேலியடிப் புல்லுக்குக்கூட எடுக்காதீர்கள். 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் அதற்குத் தடை. ஒரு வாய் உள்ளே போனால் காப்பாற்ற மருந்தில்லை, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது இருக்கவே கூடாது.

## இலை முறுக்கி, வெள்ளைப் பஞ்சு

செம்பருத்தியில் மாவுப்பூச்சி. நுனி கொத்தாகச் சுருங்கி, முஷ்டி மடக்கியதுபோல் இருக்கும். கீழிலைகளில் கரி பூசியது மாதிரி கருப்பு. முதலில் எறும்பைப் பாருங்கள். பூச்சியை ஏற்றிவிடுவதும் காவல் காப்பதும் எறும்புதான். எறும்பு வழியை அடைக்காமல் பூச்சியை மட்டும் கழுவினால் பத்து நாளில் திரும்பிவரும்.

முறுக்கிய நுனிகளைக் கத்தரித்துப் பையில் கட்டுங்கள், கீழே உதறாதீர்கள். மிச்சத்தைக் குழாய்த் தண்ணீரால் வேகமாக அடியுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பு, சாயங்காலத்தில், இலையின் அடிப்பக்கம். ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதில் அடியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று முறை. சாமிக்குப் பூப்பறிக்கும் வேலியிலும், கீரை ஒடிக்கும் முருங்கை வேலியிலும் உள்ளே ஊடுருவும் கடை மருந்து வேண்டவே வேண்டாம்.

கல்யாண முருங்கைப் போத்துவேலியில் இலைக்காம்பு வீங்கிக் கழலை கழலையாக இருந்தால் அது வேறு. 2004-இல்தான் அறிவியல் பெயர் பெற்ற ஒரு பொடிக்குளவி முட்டையிடும் வேலை. வெட்டினாலும் புதுத்துளிரில் வந்து உட்காரும். நான் அந்தச் செடியை எடுத்துவிட்டுக் கிளிரிசிடியா வைக்கச் சொல்லிவிடுகிறேன்.

## வேலி செழிப்பு, எலுமிச்சை வாட்டம்

கெமுனிங் வேலி வைத்தவர்கள் இதைப் படியுங்கள். வெள்ளைப்பூ, மல்லிகை வாசம், அழகான வேலிதான். ஆனால் அது எலுமிச்சை, கறிவேப்பிலைக் குடும்பம். எலுமிச்சை இனத்தை மஞ்சளாக்கிக் கொல்லும் கிரீனிங் நோயைச் சுமக்கும் சிறு பூச்சிக்கு அந்தத் துளிர் பிடித்த இடம்.

எலுமிச்சை இலையை வெயிலில் தூக்கிப் பாருங்கள். நடுநரம்பின் இரு பக்கமும் மஞ்சள் ஒரே மாதிரி இருந்தால் சத்துக்குறை, உரம் போடுங்கள். ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி திட்டுத்திட்டாக இருந்து, காயும் கோணலாகச் சிறுத்தால் கிரீனிங். அதற்கு மருந்து இல்லை, மரத்தை எடுக்க வேண்டும். எலுமிச்சையோ கஸ்தூரி லீமாவோ வைத்திருப்பவர்கள் வேலிக்கு வேறு செடி தேடுங்கள். இதுவா என்று உறுதியில்லாவிட்டால் இலையை விவசாய அலுவலகத்தில் காட்டியபின் வெட்டுங்கள்.

## கொசு, குளவி, பாம்பு

மூங்கில் வேலியில் கொசு அதிகமென்றால் வெட்டிய கழியின் வாயைப் பாருங்கள். கணுவுக்கு மேலே வெட்டியிருந்தால் ஒவ்வொன்றும் ஒரு குவளைத் தண்ணீர், டிங்கிக் கொசுவுக்கு அதுவே போதும். கணுவை ஒட்டி, தண்ணீர் தங்காதபடி மறுபடி வெட்டுங்கள். பெரிய குளவிக்கூடு தெரிந்தால் பாராங் (வெட்டுக்கத்தி) எடுக்காதீர்கள், புகையும் போடாதீர்கள். 999-க்கு அழையுங்கள். பாம்பு உள்ளே போனதைப் பார்த்தாலும் அதே எண்.

## சுவர் விரிசல், கம்பி, எல்லை

வடிகால் சிமெண்டு தூக்கிக்கொண்டு, வேலிச்செடி ஆல் இனமாக இருந்தால் வெட்டிவிட்டால் தீராது, அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். சுவர் விரிசலில் விரல்நகம் நுழையுமளவு வந்துவிட்டால் மரம் எடுக்கும் ஆளுக்குமுன் கட்டட ஆளைக் காட்டுங்கள். வேரைத் திடீரென்று எடுத்தால் தரை இறங்கக்கூடும்.

கிளை மின்கம்பியைத் தொட்டால் நீங்களே வெட்டாதீர்கள், அலுமினிய ஏணி அறவே ஆகாது. மின்சார நிறுவனமான தெனாகாவின் 15454 எண்ணில் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டாரோடு எல்லைத் தகராறு வந்தால் எல்லைக்கல்லைத் தேடுங்கள். வேலி தடித்து வளர்ந்து கல்லை மூடியிருக்கும், இலைமக்கை ஒதுக்கினால் பல வீடுகளில் அங்கேயே கிடைத்துவிடும். கல்லை நகர்த்துவது குற்றம், வேருக்கு இடைஞ்சல் என்று ஓரங்கட்டவும் கூடாது. கல் கிடைக்கவில்லையென்றால் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கூப்பிட வேண்டும். இந்தப் பட்டியலிலேயே அதிகப் பணம் பிடிப்பது அதுதான், ஆனாலும் அவர் வந்து குறி வைக்கும்வரை அந்தப் பக்கம் ஒரு குச்சிகூட நடாதீர்கள். நட்ட பிறகு கோடு இரண்டு முழம் தள்ளி விழுந்த வீடு ஒன்றில், நான்கு வருட வேலியைத் தோண்டி எடுக்க நான்தான் போனேன்.